வெள்ளிக்கிழமைக்கு ஒரு செடி

கத்தரிச் செடியோட வேரைப் பாக்கணும்னா செடியைப் பிடுங்கித்தான் ஆகணும். வேற வழி கிடையாது. பிடுங்கினதைத் திரும்ப ஊனினா அது தலையைத் தொங்கப் போட்டு ரெண்டு நாள்ல காஞ்சிரும். இதை எங்க வீட்டுக்காரங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திப் போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சவூதியில இருந்து வீடியோ கால் வரும். அவங்களுக்கு அன்னைக்குத்தான் லீவு. சாப்பிட்டியா, முழங்கால் வலி எப்படி இருக்கு, இந்த விசாரிப்பெல்லாம் சட்டுனு முடிஞ்சிரும். அப்புறம் ஆரம்பிப்பாங்க.

"ஏளா, ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டு."

காய்க்கப் போற செடியைப் பிடுங்க யாருக்காவது மனசு வருமா? எனக்கு வரல. வராமலேயே பிடுங்கினேன். அவங்க ஊருக்கு வாரதும் வராததும் அந்த வேர்லதான் இருந்துச்சு.

கல்யாணம் ஆன புதுசுல நாங்க தூத்துக்குடி முத்தையாபுரத்துல குடியிருந்தோம். அவங்களுக்குத் துறைமுகத்துல கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குற வின்ச் ஓட்டுற வேலை. உரக் கப்பல் வந்துட்டா வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளையா இருக்கும். அந்தச் சட்டையைத் தண்ணியில முக்கினா மூக்கைப் பிடிக்கிற மாதிரி ஒரு நெடி கிளம்பும், கண்ணு எரியும். "இந்த நாத்தத்தோட உள்ள வராதீங்க, கிணத்தடிக்குப் போங்க"ன்னு விரட்டுவேன். அவங்க வேணும்னே பக்கத்துல வந்து நிப்பாங்க. அந்த நெடிக்கு ஒருநாள் இப்படி ஏங்கிக் கிடப்பேன்னு அப்ப யாரு கண்டா.

அப்புறம் துறைமுகத்துல பெரிய பெரிய மெஷினா வந்து இறங்குச்சு, ஆள் வேலை சுருங்குச்சு. தெரிஞ்சவங்க மூலமா சவூதிக்குப் போனாங்க. அங்கயும் துறைமுகம்தான், அங்கயும் உரம்தான். இங்க இறக்கினதை அங்க ஏத்துறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நான் முத்தையாபுரம் வீட்டைக் காலி பண்ணிட்டு, தூத்துக்குடிப் பக்கத்துல இருக்கிற புதுக்கோட்டை தாண்டி எங்க அப்பா எனக்குக் கொடுத்த நிலத்துல வந்து உக்காந்தேன். ஒரு கிணறு, லேசா உப்புக் கரிக்கிற தண்ணி, ஓட்டு வீடு. வாகைக்குளம் ஏர்போர்ட்டு பக்கம்தான். சென்னைக்குப் போற பிளேன் எங்க வயலுக்கு மேலதான் ஏறும். அது ஏறுறப்பல்லாம் அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னு நினைப்பேன், பாத்துருவேன்.

ஒரு தடவை அவங்க எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. இனிமே போகல, இங்கயே வெள்ளாமை பாத்துக் கிடப்போம்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கத்தரி நட்டோம். என் வாழ்க்கையில நல்ல நாள் எதுன்னு கேட்டா அந்த நடவு நாளைத்தான் சொல்லுவேன். கல்யாண நாள்ல எனக்குக் காய்ச்சல்.

செடி நல்லாத்தான் எழும்பி வந்துச்சு. பூ எடுக்குற நேரத்துல மத்தியானம் ஆனா வாட ஆரம்பிச்சது. பள்ளத்து மூலையிலதான் முதல்ல வாடுச்சு. சாயங்காலம் நிமிரும், மறுநாள் மத்தியானம் திரும்பவும் வாடும். தண்ணி பத்தலன்னு நினைச்சு இன்னும் பாய்ச்சினோம். இலை மஞ்சளாச்சு. அவங்க கோவத்துல ஒரு செடியைப் பிடுங்கி எறிஞ்சாங்க. அப்பத்தான் வேரைப் பாத்தோம். மிளகை வரிசையா கோத்து வச்ச மாதிரி வேர் முழுக்க முடிச்சு.

இங்கதான் அந்தக் கூத்து நடந்துச்சு. அவங்க அப்பா உப்பளத்துல வேலை பாத்தவர். எங்க பக்கம் தென்னைக்குக் குழி எடுத்தா ரெண்டு கை கல்லுப்பு போடுவோம். பூச்சி அண்டாது, மரம் தெம்பா நிக்கும்னு எல்லாரும் செய்யுறதுதான். அவங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. தென்னையில அண்டாத பூச்சி கத்தரியில மட்டும் அண்டுமாக்கும்? உப்பளத்துக்குப் போய் மூட்டை மூட்டையா கல்லுப்பைக் கொண்டுவந்து, ஒவ்வொரு செடியைச் சுத்தியும் அள்ளி வச்சு, கரிக்கிற கிணத்துத் தண்ணியையும் பாய்ச்சினாங்க. எனக்கு மனசுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உப்பளத்துக்காரர் மகனுக்கு உப்பைப் பத்தி நாசரேத்துல பிறந்து வளந்த நான் என்ன சொல்ல? அந்த வாரம் முடியுமுன்னாடி இலை ஓரமெல்லாம் தீயில காட்டினாப்ல சுருண்டு போச்சு. புழு தின்னது போக மிச்சம் இருந்ததை உப்பு தின்னுருச்சு.

நான் ஒரு வார்த்தை சொல்லல. என் வாயைத் தெரிஞ்சவங்க இதை நம்ப மாட்டாங்க, ஆனா நிஜம். அவங்க வயல் வரப்புல உக்காந்து கருகின செடிகளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. அந்த வெக்கத்துலதான் மறுபடியும் சவூதிக்குக் கிளம்புனாங்க. கிளம்பும்போது சொன்னாங்க. "முதல் தடவை போனப்ப ஒண்ணும் தெரியல. வந்து இருந்துட்டுத் திரும்பப் போறது இருக்கே, அது செத்துப் பிழைக்கிற மாதிரி இருக்குளா. இன்னொரு தடவை என்னால முடியாது. வேர்ல முடிச்சு விழாம ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு. அக்ரிமெண்ட் முடியும்போது திரும்பக் கையெழுத்துப் போடாம வந்துருதேன்."

அக்ரிமெண்ட் ரெண்டு வருஷம். அதை வச்சுத்தான் எனக்கு நாளும் பொழுதும் ஓடுச்சு.

முதல் வருஷம் வயலைச் சும்மா போட்டேன். மழை ரெண்டு தடவை நல்லாப் பெய்து மண்ணுல இருந்த கல்லுப்பை ஒரு மாதிரி கழுவிக்கிட்டுப் போச்சு. அந்தக் கோடையில ஒரு ஓரத்துல நாலு வெண்டை போட்டுப் பாத்தேன். அதுலயும் அதே முடிச்சு. வேரைப் பையில போட்டுக்கிட்டுத் தோட்டக்கலை ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு மேடம், சின்ன வயசுதான். முடிச்சை நகத்தால கீறிப் பாத்துட்டு, "நூற்புழு, அம்மா. கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்குள்ள இருந்து வேரைத் தேடி வந்து உள்ள நுழைஞ்சிரும்"னு சொன்னாங்க.

"என்ன மருந்து?"

"மருந்துன்னு ஒண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நடுறதுக்கு முன்னாடி அம்மோனியம் சல்பேட் போட்டுப் பாக்கலாம். அந்த உப்பு மண்ணுல கரையும்போது புழுக்குஞ்சுக்கு வேர் இருக்கிற பக்கம் தெரியாம போயிரும். கொஞ்சம் செத்தும் போகும். பயிருக்கும் அது சாப்பாடுதான்."

எனக்கு வந்துச்சே கோவம். "உப்பைப் போட்டுத்தான் ஒரு வயலைக் கருக்கிட்டு வந்திருக்கேன். நீங்களும் உப்புங்கீங்களே"ன்னு கேட்டுட்டேன். அப்புறம் கல்லுப்புக் கதையைச் சொன்னேன். மேடம் சிரிக்கக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க, முடியல. சிரிச்சு முடிச்சுட்டு நிதானமா எடுத்துச் சொன்னாங்க. கல்லுப்பு செடிக்கு ஒண்ணுமே தராது, வேரைக் காய வைக்கும். இந்த உப்பும் அளவு மிஞ்சினா அதே வேலையைத்தான் செய்யும். அதனால மண்ணை டெஸ்ட் பண்ணி, அவங்க எழுதித் தார அளவுதான். செடி நிக்கும்போது போடக் கூடாது. வெறும் வயல்ல, மண்ணு ஈரமா இருக்கும்போது கலந்து விடணும். கிணத்துத் தண்ணி கரிக்குதுன்னா அதை நம்பக் கூடாது, மழை வந்து கழுவின பிறகுதான் நாத்தைத் தொடணும். கூட வேப்பம்பிண்ணாக்கும் போடணும், ஓரத்துல கேந்திச் செடி, அதான் துலுக்கச் சாமந்தி, வைக்கணும். முடிச்சு உள்ள வேரை வயல்ல விடாம எரிச்சிரணும். சுத்தமான வேர்னா உரக்குழியில போடலாம்.

நான் கிளம்பும்போது மேடம் இன்னொண்ணும் சொன்னாங்க. "முழுசா ஒழிஞ்சிரும்னு நினைக்காதீங்க. அங்கங்க ஒண்ணு ரெண்டு முடிச்சு இருக்கத்தான் செய்யும். செடி தாங்கிக்கிடும்."

அன்னைக்கு போன்ல எல்லாத்தையும் ஒப்பிச்சேன், இந்தக் கடைசி வார்த்தையைத் தவிர. வெளிநாட்டுல கிடக்கிற ஆளுகிட்ட மனசுல முள்ளா நிக்கிறதை யாரும் சொல்ல மாட்டோம். இங்க இருந்து போனதெல்லாம் நல்ல சேதிதான். அங்க இருந்து வாரதும் அப்படித்தான். "வெயிலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லளா"ம்பாங்க, உதடு வெடிச்சிருக்கும்.

அம்மோனியம் சல்பேட்னு சொன்னதும் அவங்க அந்தப் பேரைத் திரும்பச் சொல்லச் சொன்னாங்க. அப்புறம் சிரிச்சாங்க. அந்தக் கல்லுப்புக்குப் பிறகு அவங்க அப்படிச் சிரிச்சு நான் கேக்கவே இல்ல. "நான் இங்க பெல்ட்ல ஏத்துறதே அதுதானளா. தினம் மூக்கு வழியா பாதி உள்ள போகுது. என்னைக் கொண்டுவந்து உன் வயல்ல புதைச்சாலே போதும், புழு ஓடிரும்."

"வாங்க, புதைக்கிறேன்"னு நான் சொன்னேன்.

அதுல இருந்து எந்தக் கப்பல் தூத்துக்குடிக்குக் கிளம்பினாலும் எனக்குச் சேதி வந்துரும். "இன்னைக்கு ஏத்தினது உங்க ஊருக்குத்தான்." நான் மனசுக்குள்ள கணக்குப் போடுவேன், இப்ப நடுக்கடல்ல இருக்கும், இப்ப துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டுக் கிடக்கும்னு. ஒருநாள் தாங்க முடியாம கேட்டுட்டேன், "உப்பு மட்டும் வருதே, நீங்க எப்ப வருவீங்க?" போன் கட்டாச்சு, சிக்னல் போயிருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு. சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

புதுக்கோட்டையில உரக்கடையில மூட்டை வாங்கினேன். "அண்ணாச்சி, இது சவூதிக் கப்பல்ல வந்ததா?"ன்னு கேட்டேன். கடை அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி என்னைப் பாத்தாரு. "தாயி, எனக்கு லாரியில வருது. கப்பலை நான் எங்க பாத்தேன்?" அவரைச் சொல்லிக் குத்தம் இல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்து மூட்டை வாயைப் பிரிச்சேன். சீனி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ஈர மண்ணுல கலந்து கிளறினதும் அந்த நெடி லேசா கிளம்புச்சு. முத்தையாபுரம் வீட்டுக் கிணத்தடி, சட்டை, வாளி எல்லாம் அப்படியே வந்து நின்னுச்சு. வெட்ட வெளியில குனிஞ்சு மண்ணை மோந்துக்கிட்டு அழுதேன். ரோட்டுல பஸ் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. பாக்கிறவங்க என்ன வேணா நினைச்சுக்கிடட்டும்.

ஐப்பசி முதல் மழையில போட்ட உப்பு அது. அதுக்கு அப்புறம் காத்துக் கிடக்கிறதுதான் பெரும்பாடு. பக்கத்து வயல்ல எல்லாம் பச்சை தெரியுது, என் வயல் மொட்டையா கிடக்குது. "என்ன, சவூதிப் பணம் வருதுன்னு நடாமலே விட்டுட்டியா?"ன்னு போற வாரவங்க கேட்டாங்க. அவங்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்க எழுத முடியாது. அக்ரிமெண்ட் தை மாசத்துல முடியுது. ஒரு வாரம் முந்தி நட்டா ஒரு வாரம் முந்தி பூக்கும், அவங்க கண்ணுல பச்சையைக் காட்டலாம்னு கை பரபரன்னு இருந்துச்சு. ஆனா இன்னொரு தடவை கருகினா அவ்வளவுதான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய மழை ரெண்டு வந்து மண்ணைக் கழுவினதுக்குப் பிறகுதான் பாத்தி பிடிச்சு நாத்தை ஊனினேன். இந்தத் தடவை தனியா நட்டேன். எதிர்வரிசையில ஆள் இல்லாம நடுறப்ப குறுக்கு வலி கூடத் தெரியுது.

செடி வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அப்ப ஆரம்பிச்சதுதான் இந்த வெள்ளிக்கிழமைப் பிடுங்கல். ஒரு கையில போன், ஒரு கையில செடி. வேரை வாளியில அலசித் தூக்கிப் பிடிப்பேன். "திருப்பு. நுனியைக் காட்டு. போனைக் கிட்டக் கொண்டுபோ. அந்த இது என்ன? மண்ணா?" என் மூஞ்சியை ஒருநாளும் அப்படி உத்துப் பாத்தது கிடையாது. இத்தனை வருஷத்துல எனக்கு எத்தனை நரை வந்திருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது, கத்தரி வேர்ல எத்தனை சல்லிவேர் இருக்குன்னு தெரியும். சொல்லிக் காட்டினேன். "உன் மூஞ்சியைப் பாத்தா அழுகை வருது, அதான் வேரைப் பாக்கேன்"னு சொன்னாங்க. நான் போனை வேர்ப் பக்கமே திருப்பினேன்.

வேர் சுத்தமா இருந்துச்சு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. பாத்து முடிச்சதும் கொண்டுபோய் உரக்குழியில போடுவேன். ஓரத்து வரிசை பல்லு விழுந்த மாதிரி ஆகிப்போச்சு. முதல் காய்களைப் பறிச்சு எங்க வேதக்கோயில்ல காணிக்கையா கொண்டு வச்சேன், ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஏலத்துல நல்ல விலைக்குப் போச்சு. அப்பவும் அவங்களுக்குத் திருப்தி வரல. கையெழுத்துப் போட வேண்டிய நாள் நெருங்குது, கம்பெனியில கேக்கிறாங்களாம். அந்த வெள்ளிக்கிழமை குரலே மாறியிருந்துச்சு.

"ஏளா, ஓரத்துலயே பிடுங்கிப் பிடுங்கிக் காட்டுத. பள்ளத்து மூலையில ஒண்ணு பிடுங்கு. போன தடவை அங்கதான ஆரம்பிச்சுது."

நான் அந்த மூலைப் பக்கமே கை வைக்காம வச்சிருந்தேன். அங்க நின்ன செடியும் பச்சையாத்தான் நின்னுச்சு, காயும் பிடிச்சிருந்துச்சு. ஆனா மேடம் சொன்னது எனக்குத் தெரியும். ஒண்ணு ரெண்டு முடிச்சு இருந்தா? அதைப் பாத்தா இந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுருவாங்க. இன்னும் ரெண்டு வருஷம். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. யார் மேல கோவம்னு தெரியல, புழு மேலயா, அவங்க மேலயா.

"பிடுங்க மாட்டேன்."

"என்னளா?"

"வாராவாரம் ஒரு உசிரைக் கொன்னு உங்களுக்குக் காட்டியாச்சு. இனி ஒரு செடியைத் தொட மாட்டேன். வேரைப் பாக்கணும்னா வந்து பிடுங்கிப் பாருங்க. எனக்கு வேர் வேண்டாம், காய் வேண்டாம். முடிச்சு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இருந்தாலும் இல்லாட்டாலும் நீங்க இங்க இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

போனைக் கட் பண்ணிட்டேன். அப்படி வெளிப்படையா நான் அவங்ககிட்ட எதுவும் கேட்டதே இல்ல. வையவும் திட்டவும் மட்டும்தான் தெரியும் எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரல. மத்தியானம் முழுக்கக் கிணத்தடியில உக்காந்திருந்தேன். நானும் கூப்பிடல. சமைச்சது அப்படியே கிடந்துச்சு. தலைக்கு மேல பிளேன் ஏறிப் போச்சு, அண்ணாந்து பாக்கல. கையெழுத்துப் போட்டிருப்பாங்க, அதைச் சொல்ல வாய் வரலன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

அந்த வாரத்துக் கடைசியில ஒரு போட்டோ வந்துச்சு. எழுத்து ஒண்ணும் இல்ல, போட்டோ மட்டும். அட்டைப்பெட்டி ஒண்ணை நைலான் கயித்தால குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, மேல மார்க்கர்ல பெரிசா தூத்துக்குடின்னு எழுதியிருந்துச்சு.

அவங்க வந்த அன்னைக்கு நான் ஏர்போர்ட்டுக்குப் போகல. ஊர்க்காரங்க முன்னாடி அழுதுக்கிட்டு நிக்க எனக்கு ஆகாது. பிளேன் இறங்குறது வயல்ல நின்னாலே தெரியும். இறங்குற பிளேனை அன்னைக்குத்தான் ஆசையா பாத்தேன். கொஞ்ச நேரத்துல ஆட்டோ வந்து நின்னுச்சு. ஆள் இளைச்சுக் கறுத்திருந்தாங்க, புருவத்துல நரை. உப்புத் தூசின்னு நினைச்சுத் துடைக்கப் போனேன், போகல. "நல்லா இருக்கியா"ன்னாங்க. "இருக்கேன்"னேன். பெட்டியை வாசல்ல வச்சுட்டு, ஷூவைக் கூடக் கழட்டாம நேரா பள்ளத்து மூலைக்கு நடந்தாங்க. இந்த ஆளு மாறவே இல்ல.

குனிஞ்சு ஒரு செடியைத் தண்டோட பிடிச்சுப் பிடுங்குனாங்க. வேரை உதறுனாங்க. கண்ணுக்கு நேரா தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. நான் பின்னாடி நின்னேன். பக்கவேர் ஒண்ணுல முடிச்சு இருந்துச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு. நான் பாத்தேன். அவங்க பெருவிரலால அந்த இடத்துல மண்ணை இழுத்து மூடினது மாதிரி இருந்துச்சு.

"சுத்தமா இருக்குளா"ன்னு சொன்னாங்க. "நல்ல வேர். அடுத்த வெள்ளாமைக்கும் மழைக்கு முன்னாடி உப்பை வாங்கி வச்சிரணும். ரெண்டு பேரா போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்."

சொல்லிக்கிட்டே செடியைத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. வழியிலதான் உரக்குழி. அதைத் தாண்டிப் போனாங்க. அங்கிட்டு, முடிச்சு வேரைப் போட்டு எரிக்கிற குழி. அதுல செடியைப் போட்டுட்டுச் சட்டைப்பையைத் தடவிக்கிட்டு நின்னாங்க.

நான் அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துட்டு வந்து கையில கொடுத்தேன்.